லைன் கிடைக்கும் வரை

இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், திருச்சி டெலிபோன் எக்சேஞ்சில் வெளியூர் போன்களுக்கு லைன் போட்டுக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது பெண்கள் கொண்ட ஒரு தன்னார்வக் குழுவோடு சேர்ந்து, பெண்கள் பாதுகாப்பு தொடர்பான கோரிக்கைகளை எம்.எல்.ஏ.க்களிடமும் எம்.பி.க்களிடமும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: எங்கள் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் விளக்கு எரிவதில்லை. பக்கத்திலேயே டாஸ்மாக். சாயங்காலம் நிற்கவே பயமாக இருக்கிறது. பஞ்சாயத்து, கலெக்டர், முதல்வர் தனிப்பிரிவு என்று ஐந்து முறை மனுக் கொடுத்துவிட்டோம். எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் நடக்குமா?
(கல்லூரி மாணவி, புதுக்கோட்டை மாவட்டம்)

ஐந்து மனுவிலும் என்ன எழுதினீர்கள் கண்ணு? "மாணவிகளின் பாதுகாப்புக்குத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்றுதானே? தக்க நடவடிக்கை என்று கேட்டால், "தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்றுதான் பதில் வரும். நான் சொல்வது கிண்டல் இல்லை. எங்கள் வீட்டுப் பரணில் அப்படி வந்த பதில்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன.

விளக்கு ஒரு விஷயம், கடை இன்னொரு விஷயம். ஒரே காகிதத்தில் இரண்டையும் எழுதினால் இந்த மேஜைக்காரர் அந்த மேஜைக்குத் தள்ளுவார், அவர் திருப்பித் தள்ளுவார். தனித்தனியாக எழுதுங்கள்.

முதலில் விளக்கு. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது, வருடத்துக்கு 3 கோடி ரூபாய். பஸ் ஸ்டாப்புக்கு ஒரு ஹைமாஸ்ட் விளக்கு போடுவதெல்லாம் அதில் அடங்கும். சொல்லப்போனால் ஹைமாஸ்ட் விளக்கு என்றால் அவர்களுக்கே ஆசைதான். உயரமாக நிற்கும், ராத்திரி முழுக்கத் தெரியும், அடியில் பெயர்ப் பலகை வைக்கலாம். அந்த ஆசையைப் பயன்படுத்திக்கொள்வதில் தப்பே இல்லை. "இன்ன சர்வே எண், இன்ன ஸ்டாப், மாலை 5.40க்கும் 6.50க்கும் இரண்டு பஸ், அப்போது நிற்கிற மாணவிகள் இத்தனை பேர்" என்று எழுதுங்கள். மூன்று நாள் நின்று எண்ணிவிட்டு எழுதுங்கள், குத்துமதிப்பாக எழுதாதீர்கள். ஏழு மணிக்கு அந்த ஸ்டாப் எப்படி இருக்கிறது என்று ஒரு போட்டோ. இருட்டில் எதுவும் தெரியாமல் கறுப்பாகத்தான் வரும். அதையே ஒட்டிக் கொடுங்கள்.

அடுத்து கடை. மதுக்கடைகளுக்கான 2003ஆம் ஆண்டு விதிப்படி கல்வி நிலையங்களுக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் பக்கத்தில் கடை இருக்கக்கூடாது. மாநகராட்சி, நகராட்சி என்றால் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். விதிவிலக்கும் உண்டு, அதைச் சொல்லித்தான் தப்பிக்கப் பார்ப்பார்கள். தையல்காரரிடம் இருக்கிற டேப் போதாது, கொத்தனாரிடம் கேளுங்கள், 30 மீட்டர் டேப் வைத்திருப்பார். அளந்து பாருங்கள். 100க்குள் வந்தால் உங்கள் மனுவுக்கு ஒரே ஒரு வரி போதும். வராவிட்டால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், அதன் நகலை எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள். அவர் கையால் கடையை மூட முடியாது. ஆனால் சட்டமன்றத்தில் அந்தக் கடை பற்றிக் கேள்வி கேட்க முடியும். கேள்வி வந்தால் துறை பதில் எழுதியாக வேண்டும். பதில் எழுத வேண்டும் என்றால் யாராவது வந்து பார்த்தாக வேண்டும். அந்த ஜீப் உங்கள் ஊருக்குள் வருவதுதான் நமக்கு வேண்டியது.

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பெண்கள் ஆறு பேர் எம்.எல்.ஏ.வைச் சந்தித்தோம். ஐந்து நிமிடம் கிடைத்தது. ஆறு பேரும் பேசினோம். வெளியே வந்த பிறகு என்ன பேசினோம் என்றே எங்களுக்கு நினைவில்லை. எப்படித்தான் பேசுவது?
(வாசகி, ஈரோடு)

உங்களுக்காவது ஐந்து நிமிடம் கிடைத்தது. எங்களுக்கு முதல் தடவை கிடைத்தது ஒரு காபி ஆறுகிற நேரம். அதையும் நாங்களே வீணடித்தோம்.

2018 கடைசியில் நடந்தது. ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் பத்துப் பதினோரு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிறார்களே, அது பற்றித்தான் போனோம். அந்தப் பெண்களோடு என்.எஸ்.பி. ரோட்டுச் சந்து ஒன்றில், கடைக்கு விடுமுறை விட்ட ஒரு நாளில் உட்கார்ந்து பேசியிருந்தோம். முப்பது வயதுப் பெண் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். நரம்பெல்லாம் வெற்றிலைக் கொடி மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. கழிப்பறை ஐந்தாவது மாடியில், போனால் சம்பளத்தில் பிடித்தம், அதனால் காலையில் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதில்லை என்றாள் இன்னொருத்தி. ரேக்கில் சாய்ந்து நின்றாலே கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்துவிடுவாராம். வந்து என்ன பேசுவார் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது. நாற்காலி கேட்பது பெண்கள் பாதுகாப்பில் சேருமா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த சூப்பர்வைசர் பேசுவதைக் கேட்டிருந்தால் கேட்கமாட்டார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் 11 பக்கம் டைப் அடித்தோம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிகாலை எழும்பூரில் இறங்கி, வெயிட்டிங் ரூமில் முகம் கழுவிக்கொண்டு, சேப்பாக்கம் எம்.எல்.ஏ. ஹாஸ்டலுக்குப் போனோம். எம்.எல்.ஏ. லுங்கியும் துண்டுமாக வெளியே வந்தார். மனுவை வாங்கினார். படிக்கவில்லை, கையில் வைத்துக் கனம் பார்த்தார். பார்த்துவிட்டு, "சரிங்கம்மா, இதுல நான் என்ன செய்யணும்?" என்றார்.

நியாயமான கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. ஒருத்தி "ஏதாவது செய்ங்க ஐயா" என்றாள். இன்னொருத்தி முதலாளிகளைத் திட்டினாள். நான் வழக்கம்போல எக்சேஞ்ச் காலத்துக் கதை ஒன்றை ஆரம்பித்தேன். காபி ஆறிவிட்டது, அவர் எழுந்துவிட்டார்.

திரும்பி வந்து ஒரு மாதம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, வெட்கம். பிறகு எங்கள் குழுவில் இருக்கிற ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்தான் சொன்னார், "விடையை நாம எழுதிக்கிட்டுப் போகணும். அவர் கையெழுத்து மட்டும் போடணும்" என்று. கேரளாவில் அந்த வருடம்தான் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று சேர்த்திருந்தார்கள். எங்கள் 11 பக்கம் ஒரு பக்கமானது. அந்த ஒரு பக்கத்திலும் தடித்த எழுத்தில் ஒரே வரி: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இல், கேரளா சேர்த்ததுபோல இருக்கை பற்றி ஒரு பிரிவு சேர்க்க வேண்டும்.

பேசுவதற்கு ஒரே ஆள் என்று முடிவு செய்தோம், அது நானில்லை. கடையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி லீவு போட்டுவிட்டு வந்தாள். இந்த முறை தொகுதி அலுவலகத்தில் சந்திப்பு. அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்காரும் முன் அந்தப் பெண் தலையைத் தூக்கிக் கூரை மூலையைப் பார்த்தாள், கேமரா இருக்கிறதா என்று. அவரும் அவள் பார்த்த இடத்தை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு பேச்சு 20 நிமிடம் நடந்தது.

2021இல் தமிழ்நாட்டுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. எங்களால் வந்தது என்று சொன்னால் வாய் வெந்துவிடும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் 'பெண்கூட்டு' என்று சேர்ந்த பெண்கள், முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு நாற்காலிக்காகவும் வருடக்கணக்கில் நின்று வாங்கியது கேரளச் சட்டம். அதைப் பார்த்துத்தான் இங்கே தொழிற்சங்கங்களும் எத்தனையோ பேரும் கேட்டார்கள். அந்த வரிசையில் எங்களுடையதும் ஒரு காகிதம்.

ஆறு பேர் போங்கள். ஒருவர் பேசுங்கள். மற்ற ஐந்து பேர் அவர் தொகுதியில் ஓட்டு இருக்கிறவர்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும்.

கேள்வி: நாற்காலிச் சட்டம் வந்துவிட்டது என்கிறீர்கள். எங்கள் கடையில் மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி குடோனில் வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்கு ஆள் வந்தால் மட்டும் வெளியே வரும். இதற்கு என்ன வழி?
(ஜவுளிக்கடை ஊழியர், மதுரை)

ஸ்டூலுக்கும் உங்களைப்போல வாரத்தில் ஆறு நாள் டியூட்டி போட வேண்டியதுதான்.

சிரிப்பை விடுங்கள். தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருக்குப் பெயர் போடாமல் எழுதினாலும் கடையின் பெயரையும் மாடியையும் எழுதுங்கள். உங்கள் பெயர் தெரிந்தால் வேலை போகும் என்பது எனக்குத் தெரியும், அதனால் வீரமாகக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன். அதைச் செய்யத்தான் எங்களைப்போல பென்ஷன் வாங்குகிற கிழவிகள் இருக்கிறோம். எங்களை யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது. உங்கள் ஊரிலும் அப்படி நாலு பேர் இருப்பார்கள், தேடிப் பிடியுங்கள்.

அவர்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது இது: தொழிலாளர் நலத்துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்குவது பற்றிய விவாதம், சட்டமன்றத்தில் வருகிற நாளில், 22-ஏ பிரிவின் கீழ் இந்த மாவட்டத்தில் எத்தனை கடைகளில் ஆய்வு நடந்தது, எத்தனை வழக்கு போட்டார்கள் என்று ஒரு கேள்வி. எண்ணிக்கை கேட்டால் மழுப்புவது கஷ்டம். பூஜ்யம் என்று பதில் வந்தாலும் அதைப் பேப்பரில் போடலாம்.

கேள்வி: எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். இவர்கள் வாசலில் போய்ப் பெண்கள் கெஞ்சிக்கொண்டு நிற்பதைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது. தெருவில் இறங்கிப் போராடினால்தானே எதுவும் நடக்கும்?
(வாசகர், சென்னை)

உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு, அதற்கு மாத்திரையே சாப்பிடுகிறேன். ஆனால் கெஞ்சுவது என்ற சொல்லை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அவர் என்னுடைய ஓட்டில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வாடகைக்கு வந்தவரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதற்குப் பெயர் கெஞ்சலா?

1917 டிசம்பர் 18 அன்று, நம்முடைய மதராஸிலேயே, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவைப் போய்ப் பார்த்தது. ஆணுக்கு எந்தத் தகுதியில் ஓட்டு உண்டோ அதே தகுதியில் பெண்ணுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். லண்டன் அதைத் தானே செய்யாமல் மாகாணங்களின் தலையில் கட்டியது. 1921இல் மதராஸ் சட்டசபை அதை நிறைவேற்றியது, மாகாணங்களிலேயே முதலாவதாக. சொத்து இருந்த பெண்களுக்குத்தான் அப்போது ஓட்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். முத்துலட்சுமி ரெட்டியோ கதவைத் தட்டாமல் உள்ளேயே போய் உட்கார்ந்தவர். 1927இல் தேவதாசி முறைக்கு எதிராகச் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டுவதை முழுசாகத் தடுக்கும் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1947இல். 20 வருடம்! நான் எக்சேஞ்சில் இருந்த காலத்தில் டெல்லிக்கு ஒரு டிரங்க் கால் கிடைக்க ஆறு மணி நேரம் ஆனால் என்னைத் திட்டுவார்கள்.

தெருவில் இறங்குவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு ஜனங்கள் தெருவில் இறங்கியதால்தான், பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்த யோசனை சொல்ல நீதிபதி ஜே.எஸ். வர்மா குழுவே அமைந்தது. ஆனால் அந்தக் குழு என்ன செய்தது? எழுதி அனுப்புங்கள் என்று கேட்டது. சுமார் 80,000 கடிதங்கள் போயின. அதில் ஒன்று எங்களுடையது, நாலு பக்கம், தெப்பக்குளம் பக்கத்து டைப்பிங் சென்டரில் அடித்தது. 29 நாளில் அறிக்கை கொடுத்தார்கள். 2013 சட்டத் திருத்தம் அதிலிருந்து வந்தது. கத்திய குரலை யாரோ உட்கார்ந்து எழுத்தாக்க வேண்டியிருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி தெருத் தொல்லையில் உயிரைவிட்ட பிறகு தமிழ்நாட்டில் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2025 ஜனவரியில் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். வேண்டியதுதான். ஆனால் கவனித்துப் பாருங்கள், ஒரு பெண்ணுக்கு நடந்த பிறகு நாம் போய் நின்றால் சிறை வருடத்தைக் கூட்டித் தருகிறார்கள். நடப்பதற்கு முன்னால் போய் நின்றால்தான் விளக்கும் கழிப்பறையும் கடைசிப் பஸ்ஸும் கேட்க முடியும். அதற்குப் பத்திரிகையாளர்கள் வரமாட்டார்கள், கூட்டமும் சேராது. அதனால்தான் ஒன்பது பேர் போகிறோம்.

கேள்வி: எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகும்போது சால்வை, பழத்தட்டு எல்லாம் கொண்டுபோக வேண்டுமா?
(வாசகி, விருத்தாசலம்)

வேண்டாம். அவர்கள் வீட்டில் இருக்கிற சால்வைகளை ஒன்றாகத் தைத்தால் காவிரிக்குப் பந்தல் போடலாம். மனுவின் இரண்டாவது பிரதியைக் கொண்டுபோங்கள், அதில் தேதி போட்டு முத்திரை வாங்கி வாருங்கள்.

கேள்வி: என் மகள் எட்டுப் பேர் வேலை பார்க்கிற சின்னத் தையல் யூனிட்டில் இருக்கிறாள். முதலாளியின் தம்பி அவளிடம் தவறாக நடக்கிறான். தெரிந்த ஒருவர், "எம்.எல்.ஏ.விடம் நேரில் கூட்டிப் போய்ச் சொல்ல வைப்போம், உடனே நடக்கும்" என்கிறார். போகலாமா?
(ஒரு தாய், திருப்பூர்)

அம்மா, போகாதீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். பல வருடம் முன்னால், இதே மாதிரி ஒரு பெண்ணை ஓர் அரசியல்வாதியின் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். எந்த ஊர், எந்தக் கட்சி என்பதெல்லாம் வேண்டாம். நல்லபடியாகத்தான் வரவேற்றார்கள். அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். அறையில் 14 பேர் இருந்தார்கள், டீ கொண்டுவந்த பையன் உட்பட. யாரையும் வெளியே போகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தலைவர் மாதிரி எழுந்து அவள் தலையில் கை வைத்தார், யாரோ போட்டோ எடுத்தார்கள். மறுநாள் அது அவள் தெருவில் எல்லார் போனிலும் இருந்தது. அவள் ஊரை விட்டே போய்விட்டாள். பொங்கலுக்கு எனக்கு ஒரு வாழ்த்து மட்டும் அனுப்புவாள், திட்டியதே இல்லை. திட்டியிருக்கலாம்.

உங்களுக்கான வழி வேறு. வேலையிடத்துப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ஆம் ஆண்டு சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கிற இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல்தான் என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் சமூகநலத் துறையில் விசாரியுங்கள். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக் கொடுப்பார்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். உங்கள் மகள் யார் என்பதை யாரும் வெளியிடக்கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. போலீசுக்குப் போகவும் அவளுக்கு உரிமை உண்டு, இது அதற்குத் தடையில்லை. முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 181க்குப் போன் செய்யுங்கள், எந்த நேரமும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: என்ன செய்யலாம் என்று அவளைக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் இல்லை.

எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது, அதை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். உள்ளூர்ப் புகார்க் குழுவின் உறுப்பினர்கள் யார், எந்த அறையில், எந்த எண்ணில் கிடைப்பார்கள் என்று ஒவ்வொரு தையல் யூனிட் வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லி. அதற்கு உங்கள் மகளின் கதை தேவையே இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு நாங்கள் பாதிக்கப்பட்ட யாரையும் எந்த அலுவலகத்துக்கும் கூட்டிப் போவதில்லை. அவர்களே வருகிறேன் என்று சொன்னாலும், அறையில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான்.

கேள்வி: எதற்கு எம்.எல்.ஏ., எதற்கு எம்.பி.? எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது.
(மகளிர் சுய உதவிக் குழு, தென்காசி)

விளக்கு, பஸ், போலீஸ் ஸ்டேஷன், கடை, கழிப்பறை எல்லாம் எம்.எல்.ஏ. குற்றவியல் சட்டம் மாற வேண்டும் என்றால் பெரும்பாலும் எம்.பி. மாநிலமும் திருத்தம் கொண்டுவரலாம், 2025இல் தமிழ்நாடு கொண்டுவந்ததுபோல, ஆனால் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

எம்.பி.யிடம் பேசும்போது ஒரு விஷயத்தில் மட்டும் சுவரில் முட்டிக்கொள்வீர்கள். மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தால் அது குற்றமில்லை என்ற விலக்கை நீக்கச் சொல்லி வர்மா குழு பரிந்துரைத்தது. 2013இல் ஏற்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் அந்த விலக்கை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். நான் இரண்டு எம்.பி.க்களிடம் இது பற்றிப் பேசியிருக்கிறேன். ஒருவர் "குடும்பம்னு ஒண்ணு இருக்கில்லம்மா" என்றார். இன்னொருவர் பெண். கதவைச் சாத்திவிட்டு, "நீங்க சொல்றது சரி. என் பேரைச் சொல்லிடாதீங்க" என்றார். சொல்லவில்லை.

2021 சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்த 234 பேரில் 12 பேர்தான் பெண்கள். மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுக்கு 2023இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று அதற்கு முன்னால் இரண்டு பூட்டுப் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

கேள்வி: எம்.எல்.ஏ. வரை போவதற்கு முன்னால் அவருடைய பி.ஏ.வைத் தாண்டவே முடியவில்லை. "ஐயா டூர்ல இருக்காரு" என்ற ஒரே பதில்தான். என்ன செய்வது?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

டீச்சர், பி.ஏ.வைத் தாண்டிப் போக நினைக்காதீர்கள், அவரிடமே போங்கள். ஐயா எந்த மனுவைப் படிக்கிறார் என்று முடிவு செய்கிறவர் அவர்தான். அவருக்கும் காலையிலிருந்து கல்யாணப் பத்திரிகை, சாதிச் சான்றிதழ், ஆஸ்பத்திரி சிபாரிசு, மாற்றல் கேட்டு அழுகிறவர்கள் என்று வரிசை நிற்கும். யாரும் அவர் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

எங்களுக்கு வாய்த்த பி.ஏ. அப்படித்தான் நாலு மாதம் டூர் பாட்டு பாடினார். நான் விடவில்லை. வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை காலை 10.15க்குப் போன். எரிச்சல்படாமல், அதே குரலில், "நமஸ்காரம், திருச்சியிலிருந்து பேசுறேன், ஒரு பக்க மனு, ஒரே கோரிக்கை." எக்சேஞ்சில் பழகிய குரல், அதில் கோபத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பதினேழாவது செவ்வாயில் அவர் எடுத்ததும் சிரித்துவிட்டார். "நீங்க போன் பண்ணலைன்னா இன்னைக்குச் செவ்வாயான்னே சந்தேகம் வரும்மா. வியாழக்கிழமை வாங்க" என்றார். அவர்தான் எங்களுக்கு மானியக் கோரிக்கை என்றால் என்ன, எந்தத் தேதிக்குள் கேள்வியைக் கொடுக்க வேண்டும், எந்தக் காகிதம் உள்ளே போகும், எது போகாது என்று சொல்லிக் கொடுத்தார். எங்கள் மனுவில் "பணிவன்புடன்" என்பது மூன்று இடத்தில் இருக்கிறது, இரண்டை எடுத்துவிடுங்கள் என்றார்.

இப்போது அந்த அலுவலகத்தில் அவர் இல்லை. புதிதாக வந்திருக்கிற தம்பி போனையே எடுப்பதில்லை. நேற்றோடு ஆறாவது வாரம். அடுத்த செவ்வாய் 10.15க்குப் போடுவேன்.